பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் நட்: எஸ்யூவி சஸ்பென்ஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2012 ஆகஸ்டில் டொயோட்டா அமெரிக்காவில் ஏறத்தாழ 7,78,000 வண்டிகளைப் பழுது நீக்கத் திரும்ப அழைத்தது, அதாவது ரீகால் செய்தது. பெரும்பாலானவை 2006 முதல் 2011 வரை வந்த ராவ்4 எஸ்யூவிகள். கூடவே 2010ஆம் ஆண்டு லெக்சஸ் எச்எஸ் 250எச். பழுது இருந்தது பின்பக்க சஸ்பென்ஷனின் ஒரு ஆர்மில், அதாவது சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கையில். பின்சக்கரம் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பதை அலைன்மென்ட்டின்போது சரிசெய்வதற்காக, அந்த ஆர்மில் மரை வெட்டி லாக் நட் போட்டிருக்கும். அலைன்மென்ட் முடிந்ததும் நட்டைச் சரியாக இறுக்காமல் விட்டால் மரைக்குள் ஆட்டம் வரும். ஆட்டம் வந்த இடத்தில் தேயும், தண்ணீர் இறங்கும், துரு பிடிக்கும். முற்றினால் ஆர்ம் இரண்டாகக் கழன்றுவிடும்.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஏறக்குறைய அதே வண்டிகளை மறுபடி அழைத்தார்கள். முதல் முறை பார்த்து அனுப்பிய வண்டிகள் சிலவற்றில் அந்த வேலையே ஒழுங்காக நடக்கவில்லை. 2016இல் அதே ஆர்முக்காக இன்னொரு அழைப்பு. ஒரு நட் இறுக்கும் வேலைக்கு மூன்று சுற்று! பின்பக்க சஸ்பென்ஷனில் பெரிய ஆபத்துகள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. ஸ்பிரிங் உடைவதைவிட, யாரும் குனிந்து பார்க்காத ஒரு நட், ஒரு புஷ் (இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையம்), ஒரு பால் ஜாயின்ட் (குண்டு மூட்டு) கெடுவதால் வரும் வினைதான் அதிகம். அதில் பல, வண்டியைச் சரிபார்க்கக் கொடுத்த இடத்திலேயே தொடங்குகிறது.

எந்த வகை என்று தெரியாமல் பேரம் பேசுவது

எஸ்யூவி என்றாலே அடியில் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பது முதல் தவறு. பொலேரோவில் பின்னால் பட்டை ஸ்பிரிங், அதாவது லீஃப் ஸ்பிரிங். ஃபார்ச்சூனர், இன்னோவா கிரிஸ்டா இரண்டிலும் முழு ஆக்சில் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சு), அதை நான்கு லிங்க்குகள், அதாவது இணைப்புத் தண்டுகள், பிடித்திருக்கும், மேலே காயில் ஸ்பிரிங். ஸ்கார்ப்பியோ-என் வண்டியிலும் முழு ஆக்சில்தான், ஆனால் ஐந்து லிங்க். பக்கவாட்டு அசைவைத் தடுக்க வாட்ஸ் லிங்க்கேஜ். கிரெட்டா, இன்னோவா ஹைகிராஸ் போன்றவற்றில் டார்ஷன் பீம், அதாவது இரு பக்கத்தையும் இணைத்து, முறுக்கிக்கொடுக்கும் ஒரே உத்திரம். எக்ஸ்யூவி700இல் மல்டி-லிங்க், ஒவ்வொரு பின்சக்கரமும் தனித்தனி.

டார்ஷன் பீமில் பொதுவாக டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்), கேம்பர் (பின்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) எதையும் திருகிச் சரிசெய்ய முடியாது. அளவு தவறினால் பீம் வளைந்திருக்கிறது அல்லது புஷ் போயிருக்கிறது என்று பொருள். மல்டி-லிங்க்கில் டோவைச் சரிசெய்யலாம். வசதி அது, ஆபத்தும் அதுதான். சரிசெய்யக்கூடிய இடம் என்றால் தளர்ந்து போகக்கூடிய இடமும்கூட. முழு ஆக்சிலில் சக்கரத்தின் திசை சட்டென்று மாறாது, ஆனால் லிங்க் புஷ் கெட்டால் மொத்த ஆக்சிலும் கோணலாக நின்றுவிடும். "பின்னாடி சஸ்பென்ஷன் மாத்தணும்" என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னால், எந்த பாகம், எந்தப் பக்கம் என்று கேட்க இந்த அளவு தெரிந்திருந்தால் போதும்.

சத்தம் வந்தவுடன் ஷாக் அப்சார்பரை மாற்றுவது

பின்னால் "டக்" என்று கேட்டதும் ஒரு ஜோடி ஷாக் மாற்றிவிட்டு, பத்து நாளில் அதே சத்தத்தோடு திரும்பி வருவது மிகச் சாதாரணம். ஷாக் சக்கரத்தின் துள்ளலை அடக்குகிறது, அவ்வளவுதான். சக்கரத்தை இடத்தில் நிறுத்துவது ஆர்ம்களும் லிங்க்குகளும்.

சத்தம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். சின்னச் சின்ன மேடு பள்ளத்தில், மெதுவாகப் போகும்போது டக் டக் என்றால் முதலில் ஸ்டெபிலைசர் லிங்க்கை, அதாவது வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியின் இணைப்பை, பார்க்க வேண்டும். மலிவான பாகம், ஆபத்தும் குறைவு. பிரேக் போடும்போதும் விடும்போதும் ஒற்றை அடியாகக் கேட்டால், சக்கரத்தை முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் டிரெயிலிங் ஆர்மின் புஷ் மீது சந்தேகம் வரவேண்டும். ஆள் ஏறி இறங்கும்போதுகூடக் கீச்சிட்டால் ரப்பர் புஷ் காய்ந்திருக்கலாம். ஸ்பீடு பிரேக்கரில் முழு லோடோடு இறங்கும்போது மட்டும் "டொம்" என்றால் பம்ப் ஸ்டாப் எனும் கடைசித் தடுப்பு ரப்பர் வரை அடிக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், லோடு மிஞ்சியிருக்கலாம்.

ஷாக்கின் மேல் எண்ணெய்ப் பிசுபிசுப்பாகப் புழுதி ஒட்டியிருப்பது மட்டும் அது போய்விட்டதற்கு அடையாளம் ஆகாது. சீலைச் சுற்றி லேசாக ஈரம் கட்டுவது வழக்கம்தான். உடல் முழுக்க வழிந்து சொட்டினால் மாற்றுங்கள், அதுவும் ஒரே ஆக்சிலின் இரண்டு பக்கமும் சேர்த்து. ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் 80,000 கிலோமீட்டர் ஓடியது என்றால், வேகமாகத் திரும்பும்போது வண்டி இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் ஒரு மாதிரி நடந்துகொள்ளும்.

சத்தமே வராமலும் கெடும் என்பதுதான் கவலைக்குரிய விஷயம். 2021இல் ஃபோர்டு 2013–2017 எக்ஸ்புளோரர் வண்டிகளில் ஏறத்தாழ 7,75,000ஐ உலகெங்கும் திரும்ப அழைத்தது. அதில் பின்பக்கத்து பால் ஜாயின்ட் ஒன்று துருவால் இறுகிப்போய்விடும். அது சுழல மறுக்கும்போது, அந்த விசை பக்கத்தில் இருக்கும் டோ லிங்க்கை (சக்கரத்தின் திசையைப் பிடித்திருக்கும் தண்டு) ஒவ்வொரு பள்ளத்திலும் வளைத்து வளைத்து, கடைசியில் முறித்துவிடும். இறுகிப்போன ஜாயின்ட் ஆடாது. ஆட்டம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் மெக்கானிக்குக் கையில் அது "சூப்பரா டைட்டா" இருப்பதாகத்தான் படும்.

டோ லிங்க் முறிந்தால் பின்சக்கரம் தானாக ஸ்டியரிங் பிடிக்க ஆரம்பிக்கிறது. முன்சக்கரம் சொல் பேச்சு கேட்காவிட்டால் ஓட்டுபவருக்குக் கையில் தெரியும், சமாளிக்கப் பார்ப்பார். பின்சக்கரம் திசை மாறினால் ஸ்டியரிங்கில் ஒன்றும் தெரியாது. வண்டியின் வால் மட்டும் பக்கவாட்டில் நழுவும். உயரமான, ஆள் நிறைந்த வண்டிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் இதைவிட மோசமான நிலை குறைவு.

முன்சக்கரம் மட்டும் அலைன்மென்ட் செய்வது

"பின்னாடி அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது சார்" என்பது அலைன்மென்ட் கடைகளில் அடிக்கடி கேட்கும் பதில். பல வண்டிகளில் அது உண்மையும்கூட. ஆனால் சரிசெய்ய முடியாது என்பதற்காக அளக்காமல் விடக் கூடாது. நான்கு சக்கரத்திலும் சென்சார் மாட்டி அளந்து, முன்-பின் இரண்டு அளவும் உள்ள அச்சுத் தாளை வாங்குங்கள். அதில் பின் டோ இடது, வலது, த்ரஸ்ட் ஆங்கிள் மூன்றையும் பாருங்கள். த்ரஸ்ட் ஆங்கிள் பூஜ்ஜியத்தை விட்டு விலகியிருந்தால் பின்சக்கரங்கள் வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளுகின்றன. நேரே போக ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கோணலாகப் பிடிக்க வேண்டியிருக்கும். நண்டு நடை என்று சொல்வது இதைத்தான். முன் டோவை மட்டும் திருகி ஸ்டியரிங்கை நேராக்கினால் நோய் மறைந்திருக்கும், போயிருக்காது.

சின்னக் கணக்கு ஒன்று. ஒரு சக்கரத்தின் டோ அரை டிகிரி தவறினால், அந்த டயர் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 9 மீட்டர் பக்கவாட்டில் தரையைத் தேய்த்துக்கொண்டே ஓடுகிறது. சென்னையிலிருந்து மதுரை போய்ச் சேர்வதற்குள் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் குறுக்கே இழுபட்டிருக்கும். டயரின் பட்டன் மேல் உள்ளங்கையை வெளியிலிருந்து உள்ளே, பிறகு உள்ளிருந்து வெளியே என்று தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பம் போலவும் இருந்தால் டோ தவறியிருக்கிறது. டயர் தேய்மானத்தை வெளிப்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிட வேண்டாம். பின் டயர்களின் உள்விளிம்பு கம்பி தெரிய தேய்ந்திருந்தாலும், நின்றபடி பார்ப்பவருக்கு டயர் புதுசு போலத்தான் தெரியும்.

சரிசெய்யும் வசதி உள்ள வண்டி என்றால், ராவ்4 கதை நடப்பது இந்த மேடையில்தான். லாக் நட்டை இறுக்கும்போது ஆர்மின் உடலை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, இன்னொரு ஸ்பேனரால் நட்டைத் திருக வேண்டும். பிடிக்காமல் திருகினால் ஆர்மும் சேர்ந்து சுழன்று அளவு மாறும், பால் ஜாயின்ட் ஓரமாய்ப் போய் முட்டி நிற்கும். கேம் போல்ட் (திருகினால் கோணத்தை மாற்றும் போல்ட்) வைத்த வண்டிகளில் போல்ட் தலை அசையாமல் பிடித்து நட்டை இறுக்க வேண்டும். இறுக்கிய பிறகு அளவை மறுபடி பார்க்க வேண்டும். இறுக்கும்போதே சற்று நகர்வது சகஜம். எவ்வளவு இறுக்கம் என்பது வண்டிக்கு வண்டி மாறும், தயாரிப்பாளரின் சர்வீஸ் மேனுவலில் நியூட்டன் மீட்டர் கணக்கில் இருக்கும். "கைப்பழக்கம்" அளவுகோல் ஆகாது. கடையில் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வேலை முடிந்ததும் நட்டின் மேலிருந்து ஆர்ம் வரை பெயின்ட் மார்க்கரால் ஒரே கோடு இழுத்துவிடச் சொல்லுங்கள். அடுத்த முறை வண்டியைத் தூக்கும்போது கோடு ஒடிந்து நின்றால் நட் நகர்ந்திருக்கிறது. ஒரு மார்க்கர் விலையில் இதைவிடப் பெரிய காப்பீடு கிடையாது.

தொங்கவிட்டபடி புஷ் போல்ட்டை இறுக்குவது

நல்ல ஒர்க்‌ஷாப்புகளிலும் நடக்கும் தவறு இது. புஷ் என்பது வெளியே ஒரு இரும்பு வளையம், உள்ளே ஒரு இரும்புக் குழல், இரண்டுக்கும் நடுவில் ஒட்டிய ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உள்குழல் பிராக்கெட்டோடு பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு ஆர்ம் மேலும் கீழும் போகும்போது சுழல்வது எதுவும் இல்லை. ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு திரும்பும்.

வண்டி லிஃப்டில் இருக்கும்போது சக்கரங்கள் முழுக்கக் கீழே தொங்கும். அந்த நிலையில் போல்ட்டை முழு இறுக்கத்துக்குக் கொண்டுபோனால் ரப்பருக்கு அதுதான் ஓய்வு நிலை. வண்டியைத் தரையில் இறக்கியதும் ஆர்ம் மேலே வரும், ரப்பர் முறுக்கிக்கொள்ளும். வண்டி சும்மா நிற்கும்போதும் முறுக்கிலேயே நிற்கும். ஐந்து பேர் ஏறினால் இன்னும் முறுக்கு. வருஷக்கணக்கில் வரவேண்டிய புது புஷ் சில மாதங்களில் கிழியும். "டூப்ளிகேட் போட்டுட்டாங்க" என்று பாகத்தின் மேல் பழி விழும்.

சரியான முறை எளிது. பிரிப்பதற்கு முன், வண்டி சமதளத்தில் நிற்கும்போது சக்கர மையத்திலிருந்து மட்கார்டு வளைவின் விளிம்பு வரை டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பாகங்களை மாட்டி, போல்ட்களைக் கையிறுக்கமாக விடுங்கள். ஆர்மின் அடியில் ஜாக்கி கொடுத்து, குறித்த அளவு வரும் வரை உயர்த்துங்கள். அதற்குப் பிறகுதான் டார்க் ரென்ச். வேலை கூடுவது பத்து நிமிடம்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: பழைய நைலான் லாக் நட்டையே திரும்பப் போடுவது. அதன் பிடி ஒரு முறை கழற்றினாலே குறைந்துவிடும். மறுபயன்பாடு கூடாது என்று மேனுவல் சொல்லும் நட், போல்ட்களைப் புதிதாக வாங்குங்கள். ஆர்ம் விலையோடு ஒப்பிட்டால் அது சில்லறை.

வளைந்த ஆர்மைச் சூடு காட்டி நேராக்கித் தருகிறேன், விரிசலுக்கு வெல்டிங் வைக்கிறேன் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். கேட்டுக்கும் கிரில்லுக்கும் அந்தக் கைத்திறன் சரி. ஆர்மின் உலோகத்துக்கு அந்தச் சூடு பலத்தைக் குறைக்கும், வெல்டிங்கின் ஓரத்திலேயே அடுத்த விரிசல் பிறக்கும். துருப்பிடித்து இறுகிய கேம் போல்ட்டைக் கேஸ் விளக்கால் சுட்டுக் கழற்றினால் உள்ளிருக்கும் ரப்பரும் வெந்திருக்கும். அந்த புஷ்ஷையும் மாற்றியாக வேண்டும்.

எண்ணெய், தார், உப்பு

வாட்டர் வாஷ் முடிந்ததும் அடியில் டீசலோ பழைய இன்ஜின் ஆயிலோ அடித்துத் தருவது நம் ஊர் வழக்கம். பட்டை ஸ்பிரிங் வண்டிகள் காலத்துப் பழக்கம் இது. துருவுக்கு நல்லது என்பார்கள். புஷ்களில் உள்ள இயற்கை ரப்பர் எண்ணெய் பட்டால் உப்பி, மெத்தென்று ஆகி, இரும்பிலிருந்து விட்டுப்போகும். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தார் போன்ற அண்டர்கோட்டிங்கிலும் கவனம் தேவை. துருவைச் சுரண்டாமல் மேலே பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு இரும்பைத் தின்னும், விரிசலும் கண்ணில் படாது. மரை, லாக் நட், புஷ், டார்ஷன் பீமின் தண்ணீர் வடியும் ஓட்டைகள் எதிலும் பூச்சு படாதபடி மறைத்துவிட்டு அடித்தால் மட்டுமே பூச்சு நல்லது. கடற்கரையோரம் ஓடும் வண்டிகளில் மாதம் ஒரு முறை அடிப்பாகத்தைச் சாதாரணத் தண்ணீரால் கழுவினால் போதும். வெள்ளத்தில் அச்சு வரை மூழ்கிய வண்டி என்றால் பால் ஜாயின்ட் ரப்பர் உறைகளில் கிழிசல் இருக்கிறதா என்று உடனே பாருங்கள். உறைக்குள் சேறு போன ஜாயின்ட் கொஞ்ச காலம் அமைதியாக ஓடும். எக்ஸ்புளோரரில் நடந்தது போல இறுகவும் செய்யும்.

ஏழு சீட் என்றால் ஏழு பேர் பிளஸ் லக்கேஜ் என்று நினைப்பது

ஆர்சி புத்தகத்தில் வெற்று எடையும் மொத்த எடையும் போட்டிருக்கும். இரண்டின் வித்தியாசம்தான் உங்கள் வண்டி சுமக்கலாம் என்ற அளவு. ஏழு பெரியவர்களை 65 கிலோ வீதம் கணக்கிட்டாலே 455 கிலோ. மீதி எவ்வளவு என்று பார்த்தால், டிக்கியில் அரிசி மூட்டையும் மேல் கேரியரில் நான்கு பெட்டியும் எங்கே வைப்பது என்ற கேள்வி வரும்.

எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். வீல்பேஸ் 2750 மில்லிமீட்டர் உள்ள வண்டியில், பின் ஆக்சிலுக்கு 700 மில்லிமீட்டர் பின்னால் 100 கிலோ வைத்தால் பின் ஆக்சில் சுமப்பது 100 கிலோ அல்ல, 125. கூடுதல் 25 கிலோ முன் ஆக்சிலிலிருந்து பிடுங்கியது. ஏற்றப்பலகை விளையாட்டு போல, பின்னால் அழுத்தினால் முன்னால் தூக்கும். ஸ்டியரிங் லேசாகும், முன் பிரேக்கின் பிடியும் குறையும். கனமானதை இரண்டாம் வரிசைக் காலடியிலும் டிக்கியின் அடியில், சீட்டை ஒட்டியும் வையுங்கள். முழு லோடுக்கான பின் டயர் காற்றழுத்தம் பெரும்பாலான வண்டிகளில் தனியாக உண்டு. ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும்.

பின்பக்கம் தாழ்கிறது என்று காயில் ஸ்பிரிங் நடுவே ரப்பர் பஃபர் செருகுவதைப் பற்றி ஒரு வார்த்தை. செருகிய இடத்துச் சுருள்கள் வேலை செய்யாமல் நின்றுவிடும், மீதிச் சுருள்கள் அந்தப் பாரத்தையும் சேர்த்துத் தாங்கும். வண்டி நிமிர்ந்து நிற்கும், சுமக்கும் திறன் ஒரு கிலோகூட உயராது. தளர்ந்த ஸ்பிரிங்குக்கு மருந்து புது ஸ்பிரிங் ஜோடி.

வீட்டில் பார்க்கும்போது

பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கும்போது ஹேண்ட்பிரேக்கை நம்ப வேண்டாம். அது பிடிப்பது பின்சக்கரங்களை; அவைதான் காற்றில் இருக்கின்றனவே. முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை நீட்டாதீர்கள், ஸ்டாண்ட் வைத்த பிறகே மற்றதெல்லாம்.

சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்து மூன்று மணி, ஒன்பது மணி இடங்களில் பிடித்து உள்ளும் புறமும் அசையுங்கள். ஆட்டம் இருந்தால் டோ லிங்க் பக்கம் பாருங்கள். பன்னிரண்டு மணி, ஆறு மணி இடங்களில் ஆட்டம் என்றால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். புஷ் கிழிசலைக் கையால் கண்டுபிடிக்க முடியாது; மெக்கானிக் கடப்பாரை போன்ற ப்ரை பாரால் நெம்பி, ரப்பர் எவ்வளவு விலகுகிறது என்று டார்ச் அடித்துக் காட்ட வேண்டும். காட்டச் சொல்லுங்கள். வண்டி தரையில் நிற்கும்போது பத்தடி பின்னால் போய்க் குனிந்து பார்ப்பதும் பயனுள்ளது. இரண்டு பின்சக்கரங்களும் மட்கார்டு வளைவுக்குள் ஒரே மாதிரி நிற்கின்றனவா, ஒன்று மட்டும் மேலே சாய்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

ரீகால் முடிந்தது என்று ஃபைலை மூடுவது

இந்தியாவில் 2021 ஏப்ரல் 1 முதல் கட்டாய ரீகால் விதிகள் நடைமுறையில் உள்ளன. ஏழு ஆண்டுக்குள் உள்ள வண்டிகளில் பாதுகாப்புக் குறை இருப்பதாகக் குறிப்பிட்ட அளவு புகார்கள் சேர்ந்தால் அரசே திரும்ப அழைக்க உத்தரவிடலாம். தயாரிப்பாளருக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. புகார் எண்ணிக்கைதான் அடிப்படை என்பதால், சர்வீஸ் சென்டரில் வாய்ச்சண்டை போட்டுவிட்டு வந்தால் அது எங்கும் பதிவாகாது. எழுத்தில் கொடுங்கள்.

பழைய வண்டி வாங்குபவர்கள் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, நிலுவையில் ரீகால் இருக்கிறதா என்று கம்பெனி தளத்திலோ டீலரிடமோ கேட்க வேண்டும். அழைப்புக் கடிதம் முதல் உரிமையாளரின் பழைய முகவரியில் கிடக்கும். ரீகால் வேலை முடிந்து வண்டி வந்தால் எந்த பாகம் மாற்றினார்கள், எதைப் பார்த்துவிட்டு மட்டும் விட்டார்கள் என்று ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள்.

வழியிலேயே ஆர்ம் முறிந்துவிட்டால் பிரேக்கை அழுத்தி மிதிக்காமல், ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து வேகம் தானாகக் குறைய விடுங்கள். ஓரம் கட்டிய பிறகு கயிறு கட்டி இழுக்க வேண்டாம், ஃபிளாட்பெட் வண்டிதான். உடைந்த துண்டைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். முறிந்த பரப்பைக் கழுவாமல், எண்ணெய் போடாமல் போட்டோ எடுத்து வையுங்கள். அந்தப் பரப்பு முழுக்கப் பளபளவென்றிருந்தால் அப்போதுதான் முறிந்தது. ஒரு பகுதி கறுத்து, துருவேறி, மிச்சம் மட்டும் பளபளத்தால் விரிசல் பல நாளாக அங்கேயே இருந்திருக்கிறது. கடைசி சர்வீஸ் எப்போது, அன்று யார் அடியில் பார்த்துக் கையெழுத்துப் போட்டார் என்பதை ஜாப் கார்டில் தேடுங்கள்.